துக்க வீட்டுக்கு யார் போன் போடுவது?

திருச்சி விமான நிலையத்தில் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி தலை நிமிராமலே கேட்டார்: "ஸ்ரீரங்கமா, சமயபுரமா?" மலேசியாவிலிருந்து தனியாக வரும் பெண் கோயிலுக்குத்தான் வருவாள் என்பது அவர் முடிவு.

"ஆஸ்பத்திரிங்க," என்றேன்.

"ஐயையோ, யாருக்கு என்ன?"

"இதயம் நின்னுபோனவங்களைப் பத்தி விசாரிக்க வந்திருக்கேன்."

முத்திரையை ஓங்கியவர் அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "சீக்கிரம் குத்துங்க சார், எனக்கே நின்னுரும்போல இருக்கு," என்றார். குத்திவிட்டார்.

கோலாலம்பூரில் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் குழுவில் எனக்கு வேலை. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே இதயம் நின்று, நெஞ்சை அழுத்தி, டியூப் போட்டு மீட்கப்பட்டவர்கள் ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி. நடக்கிறார்களா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்களா? முதலில், இருக்கிறார்களா? நான்கு ஊர்களில் நடக்கும் ஆய்வில் திருச்சியும் ஒன்று. ஐந்து நாள் அங்கே உட்கார்ந்து, கோப்பில் எழுதியிருப்பதும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருப்பதும் ஒன்றுதானா என்று நான் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை கோலாலம்பூரில் மாலை ஐந்து மணி, அதாவது திருச்சியில் மதியம் இரண்டரை, அடித்ததும் எல்லாவற்றையும் பூட்டிவிடுவார்கள். பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. தாளைப் பார், ஆளைத் தேடாதே என்பதுதான் குழுவின் தலைவரான பேராசிரியர் எனக்குச் சொல்லி அனுப்பியதன் சாரம்.

திருச்சி ஆஸ்பத்திரியில் எங்கள் ஆய்வுக்குப் பொறுப்பு செல்வி அக்கா. பதினெட்டு வருட ஐ.சி.யு. நர்ஸ். இப்போது பாதி நாள் ஐ.சி.யு., பாதி நாள் எங்கள் படிவங்கள். அகலமான உள்ளங்கை, உரத்த குரல். என் பெயரை ஒரு தரம் கேட்டுவிட்டு, "மலேசியான்னே கூப்பிடுறேன், சுலபமா இருக்கு," என்று முடித்துவிட்டார்.

முதல் வேலையாகக் கேன்டீனுக்கு இழுத்துப் போனார். எங்கள் ஊரில் காலையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மனிதர்கள் வேலைக்குப் போகிறார்கள். இந்த நெய்ப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு எப்படி விழித்திருக்கிறார்கள் என்பதுதான் ஆராயப்பட வேண்டியது என்றேன். "அதுக்குத்தானே பின்னாடியே காபி," என்றார் அக்கா.

பொங்கல் மயக்கத்தையும் மீறி அன்று மாலைக்குள் மூன்று கோப்புகள் கண்ணில் பட்டன. மூன்றிலும் கடைசிப் பக்கத்தில் ஒரே வாசகம்: "என் சொந்தப் பொறுப்பில் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறேன்." கீழே ஒரு உறவினரின் கையெழுத்து. கம்ப்யூட்டரில் மூன்று பேருக்கும் 'இறப்பு'. வீட்டுக்குப் போன அதே தேதி.

"அக்கா, இவங்க எங்க இறந்தாங்க?"

"வீட்டுல."

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? மூணு நாளாக் கண்ணு முழிக்கல, டாக்டர் கையை விரிச்சுட்டார். உயிர் வீட்டுல போகட்டும்னு கூட்டிட்டுப் போறாங்க. ஆம்புலன்ஸ்ல காத்துப் பையை அமுக்கிக்கிட்டே போயி, உள்ள படுக்க வச்சதும் டியூபை எடுத்துருவாங்க. அதுக்கப்புறம் எவ்வளவு நேரம், மலேசியா?"

"ஆறாம் மாசம் போன் பண்ணிக் கேட்டீங்களா?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "துக்க வீட்டுக்கு யாரு போன் போடுறது? போட்டு என்னன்னு கேக்குறது? 'உங்க வீட்டுக்காரர் இருக்காரா இல்லையா'ன்னா? பல்லைத் தட்டிக் கையில குடுப்பாங்க."

அக்கா சோம்பேறி இல்லை. மற்ற அத்தனை பேரையும் போனில் பிடித்து, ஒவ்வொருவரின் மாத்திரை வரை எழுதி வைத்திருந்தார். இந்த மூன்று வீட்டை மட்டும் தொடவில்லை. இங்கிதம். ஆனால் எங்கள் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன: உயிருடன், இறப்பு, தெரியவில்லை. இங்கிதம் மூன்றாவது கட்டத்தோடு நின்றிருந்தால் எனக்குச் சண்டை இல்லை. அது இரண்டாவது கட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

உறவினர்களிடம் கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவத்தை எடுத்தேன். நான்காம் பக்கம்: "ஆறு மாதம் கழித்துத் தொலைபேசியிலோ நேரிலோ உங்கள் நலம் விசாரிப்போம்."

"நாமதான் எழுதிக் குடுத்திருக்கோம்," என்றேன். "நலம் விசாரிக்கப் போறேன்."

"நான் வரல." அக்கா அவசரமாகச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்துபோய், பெரிய டாக்டரிடம் முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கி வந்து மேஜைமேல் வைத்தார். "மத்த ரெண்டு வீட்டுக்கும் போ. ஸ்ரீரங்கத்துக்கு மட்டும் போகாதேன்னு சொன்னா கேக்கவா போற?"

ஸ்ரீரங்கத்தில் என்ன என்று கேட்டேன். அக்கா அடுத்த கோப்பை என் பக்கம் தள்ளினார்.

செவ்வாய் மாலை முதல் வீடு, கே.கே. நகர். வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். "ஆம்புலன்ஸ் வந்து அரை மணி நேரம் இருக்காதுங்க. நாங்கதான் சேரெல்லாம் வாங்கிப் போட்டோம். மாசம் முடிஞ்சதும் பையன் அந்தம்மாவை பெங்களூர் கூட்டிட்டுப் போயிட்டான்." பிறகு, "என்ன, இன்சூரன்ஸா?" என்றார்.

செல்வி அக்கா சொன்னது சரி. திரும்பும்போது தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டேன். கண்டக்டர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "சிலோனா?" என்று அன்பாக விசாரித்துவிட்டு, பாதி ஊர் தாண்டி இறக்கிவிட்டார். எங்கள் ஊர் ரயிலில் அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒரு பெண் குரல் மூன்று மொழிகளில் சொல்லும். யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். இங்கே பெயரை யாரும் சொல்வதில்லை. ஆனால் நான் எங்கே இறங்க வேண்டும் என்று பஸ்ஸே கூடி விவாதித்தது, தவறான முடிவுக்கும் வந்தது.

புதன்கிழமை பாலக்கரைப் பக்கம். காந்தி மார்க்கெட்டுக்குள் புகுந்து போனால் கிட்டே என்று ஒருவர் சொல்ல, நம்பிப் போனேன். வெங்காய மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடி வருபவர்களுக்கு நிற்கும் வழக்கமே கிடையாது. "ஓரம் ஓரம்! அம்மா, போட்டோ அப்புறம் எடுக்கலாம், உசிரு முக்கியம்!" உயிர் முக்கியம் என்று திருச்சியில் முதன்முதலாக என்னிடம் சொன்னவர் அவர்தான்.

நான் தேடிப் போனவர் ஜபருல்லா. வெங்காய மண்டியில் எடை போடுபவர். கதவைத் திறந்தது அவர் மனைவி மும்தாஜ். கடிதத்தைப் படித்ததும் முகம் இறுகியது.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்? இத்தா இருந்து முடிச்சு வெளிய வந்தே ரொம்ப நாளாச்சு." கணவனை இழந்த பெண் வீட்டோடு இருக்கும் மாதங்களைத்தான் இத்தா என்கிறார். அப்படியானால் அவர் இல்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று. மன்னிப்புக் கேட்டுவிட்டு, தேதியை மட்டும் சரிபார்க்க, கோப்பில் இருந்ததை வாசித்தேன்.

"என்னது? அன்னைக்கே மௌத்தாயிட்டாங்கன்னா எழுதி வச்சிருக்கீங்க?" குரல் எழும்பியது. "உள்ள வா. உக்காரு. பேனா இருக்கா?"

உட்கார்ந்தேன்.

"பத்தொம்பது நாள் இருந்தாங்க. எழுது. நாலாம் நாள் கண்ணு முழிச்சாங்க. எட்டாம் நாள் கஞ்சி குடிச்சாங்க. பன்னண்டாம் நாள் மகன் ஷார்ஜாவுலருந்து வந்தான். அவன் தாடியைப் புடிச்சு, 'என்னடா இது, அங்க கத்தரிக்கோலே கிடையாதா?'ன்னாங்க. எழுதினியா?"

"படிவத்துல இதுக்கெல்லாம் இடமில்லம்மா. தேதி மட்டும்தான்."

"இடமில்லன்னா ஓரத்துல எழுது. நான் பாக்க எழுது."

ஓரத்தில் எழுதினேன். கத்தரிக்கோல் உட்பட. அவர் எட்டிப் பார்த்துச் சரிபார்த்தார். பிறகுதான் இஞ்சி டீயும் சமோசாவும் வந்தன.

"பத்தொம்பது நாள்னா உங்களுக்கு ஒண்ணுமில்ல. இருபத்தாறு வருஷக் குடித்தனத்துல அவங்க மண்டிக்குப் போகாம வீட்டுல என்கூட இருந்தது அந்தப் பத்தொம்பது நாள்தான்," என்றார். "அதைப் போயி இல்லன்னு எழுதிட்டீங்களே."

வெளியே வந்து பேராசிரியருக்குப் போன் போட்டேன். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். "நம் கேள்வி ஆறாம் மாதத்தைப் பற்றியது. ஆறாம் மாதத்தில் அவர் இல்லை. விடை மாறவில்லையே?" என்றார். தேதியாவது மாற வேண்டும் என்றேன். "சரி, தேதியை மாற்று. போதும். இத்தோடு தாள்களுக்குத் திரும்பு."

வியாழக்கிழமை ஸ்ரீரங்கத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.

காவிரிப் பாலத்தின் நட்டநடுவில் ஆட்டோ நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி எதையோ திருகினார், ஊதினார், திட்டினார். கீழே பாதி மணலும் பாதி நீருமாக ஆறு. பின்னாலிருந்து ஒரு ஆம்புலன்ஸ் ஊளையிட்டபடி எங்களைக் கடந்து போனது.

"அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்தா காப்பாத்தப் போகுதுன்னு அர்த்தம். இங்கேருந்து அங்க போச்சுன்னா..." டிரைவர் கையால் ஆகாயத்தைக் காட்டினார். "பெருமாள் இருக்குற தீவுல உசிரு போனா நேரே வைகுண்டம்னு அவங்களுக்கு. அதனால பாலம் தாண்டுற வரைக்கும் மூச்சைப் புடிச்சு வைப்பாங்க."

ஸ்ரீரங்கக் கோப்பில் இருந்த பெயர் ரங்கநாயகி. வயது அறுபத்து நான்கு. இதே பாலத்தில்தான் அவரையும் கொண்டு போயிருப்பார்கள். யாரோ பையை அமுக்கிக்கொண்டே.

டிரைவர் ஓர் உதை விட்டார். ஆட்டோவுக்கு உயிர் வந்தது.

உத்திர வீதியில் வீட்டைக் கண்டுபிடித்து மணியை அடித்தேன். நெற்றியில் திருமண் இட்ட, ஒல்லியான ஒருவர் திறந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் வாசலோடு மறந்துபோயிற்று. மும்தாஜ் வீட்டுக் காயம் ஆறவில்லை. "ரங்கநாயகி அம்மா..." என்று ஆரம்பித்தேன். மேலே எப்படி முடிப்பது?

அவர் உள்ளே திரும்பினார். "ரங்கா, உன்னைப் பார்க்க யாரோ வந்திருக்கா!"

உள்ளேயிருந்து ஒரு கரகரத்த குரல்: "செருப்பை வாசல்லயே விடச் சொல்லுங்கோ!"

வாசற்படியிலேயே எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த மனிதர், ரங்கநாயகியின் கணவர் சம்பத், பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

ரங்கநாயகி மாமி ஊஞ்சலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கடிதத்தை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தார். "அப்போ உங்க கம்ப்யூட்டர்ல நான் செத்துப்போயிட்டேன்?"

"ஆமா மாமி."

"எப்போ?"

"இங்க கூட்டிட்டு வந்த அன்னிக்கே."

"பேஷ்." கீரைத் தண்டைப் படக்கென்று ஒடித்தார். "டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பது வருஷம் இந்த ஊர்ல இருக்கறவாளையெல்லாம் ஒருத்தரோட ஒருத்தர் பேச வச்சேன். எனக்கு ஒரு போன் பண்ணிக் கேட்க ஒருத்தருக்கும் தோணலை."

நடந்ததைச் சம்பத் மாமா சொன்னார். டாக்டர் இரண்டு மணி நேரம் என்று சொன்னாராம். சென்னை, பெங்களூர் உறவெல்லாம் வந்தாயிற்று. துளசி தீர்த்தம் தயார். டியூபை எடுத்தார்கள். மூச்சு நிற்கவில்லை. இரவெல்லாம் எல்லாரும் காத்திருந்தார்கள். மறுநாள் காலை மாமி கண்ணைத் திறந்து, கூடத்தைச் சுற்றிப் பார்த்து, முதலில் கேட்டது: "யாரு செருப்போட உள்ள வந்தது?" ஆம்புலன்ஸ்காரர்களின் கால்தடம் தரையில் அப்படியே இருந்ததாம்.

"அப்புறம் ஏன் ஆஸ்பத்திரிக்குச் சொல்லலை மாமா?"

"எந்த மூஞ்சியை வச்சுண்டு போறது? என் பொறுப்புல கூட்டிண்டு போறேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்தவன் நான். 'உங்க டாக்டர் சொன்னது பலிக்கலை'ன்னு போய் நிக்கறதா?"

"ஆறு மாசமா மாடி ஏறினா மூச்சு வாங்கறது. இவர் வெட்கத்துக்கு நான் மூச்சு வாங்கிண்டிருக்கேன்," என்றார் மாமி.

இவர்கள் வெட்கப்பட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் இங்கிதம் பார்த்துக் கேட்கவில்லை. நடுவில் ஒரே ஒரு பாலம்.

மத்தியானம் சாப்பிடாமல் விடவில்லை. ரசத்தை அந்த வீட்டில் சாத்தமுது என்கிறார்கள். பெயருக்கு ஏற்ற மாதிரியே இருந்தது. மூன்று முறை வாங்கிக்கொண்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். அவர் நினைவில்லாமல் கிடந்தபோது கணவர்தான் ஒப்புதல் தந்திருக்கிறார். நினைவு திரும்பியவரிடம் மறுபடி கேட்க வேண்டும். அவர் மாட்டேன் என்றால் அதுவே முடிவு. அவரைப் பற்றிய ஒரு வரியையும் நாங்கள் பயன்படுத்தக் கூடாது.

"அப்போ நான் மாட்டேன்னா?"

"நீங்க இருக்கீங்கன்னு நான் எழுத முடியாது மாமி."

"மறுபடியும் செத்துடுவேனா?"

"இல்ல. ஆய்வுலயே இருக்க மாட்டீங்க."

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "எட்டுப் பக்கம் இருக்கு. எனக்குத் தெரியாம என் பேரை எடுத்துண்டேள், எனக்குத் தெரியாம கொன்னேள். இந்தத் தடவை படிச்சுட்டுத்தான் சொல்லுவேன். நாளைக்குச் சொல்றேன்."

நாளை மதியம் இரண்டரைக்குள் என்று சொல்ல வாய் வந்தது. அவசரப்படுத்தக் கூடாது என்பதும் எங்கள் விதிதான். நேரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு வந்தேன்.

அன்று மாலை பேராசிரியர் முதன்முறையாகக் குரல் உயர்த்தினார். "வீட்டுக்குக் கொண்டுபோனவர்களை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி எண்ணியிருக்கிறோம். முடிவு கைக்கு வரும் நேரத்தில் உனக்குப் பிடித்த மாதிரி ஓர் ஊரில் மட்டும் விதியை மாற்றினால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை."

"விதியில் 'பார்க்காதவரை இறந்தவர் என்று எழுது' என்று எங்கே இருக்கிறது, ஐயா? அந்த வரியைக் காட்டுங்கள், நான் நிறுத்திக்கொள்கிறேன்."

அவர் வாய் திறக்கும் முன்பே தொடர்ந்தேன்.

"நாளைக்கு இந்த எண்ணைக் காட்டித்தான் ஒரு டாக்டர் ஒரு குடும்பத்திடம், 'மீட்டும் பயனில்லை' என்று சொல்வார். நம்மை நம்பிச் சொல்வார். நாம் போய்ப் பார்த்தோமா என்று அவர் கேட்க மாட்டார்."

"மூன்று பேரில் இரண்டு பேர் இறந்துதான் இருக்கிறார்கள்."

"ஆமாம். அதையும் போய்ப் பார்த்துத்தான் சொல்கிறேன். ரங்கநாயகி அம்மா சம்மதித்தும் அவரைச் சேர்க்காமல் பூட்டினால் என் அறிக்கையில் என் கையெழுத்து இருக்காது."

சொல்லிவிட்டேன். போனையும் வைத்துவிட்டேன்.

வெள்ளி. மணி ஒன்று. ஸ்ரீரங்கத்துக்குப் போன் போட்டால் அடித்து அடித்து ஓய்ந்தது. ஒன்றேமுக்கால். செல்வி அக்கா எதிரே உட்கார்ந்து, காலை முதல் ஒரே படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி உயிரோடு இருக்கிறார் என்று நேற்று நான் சொன்னதும் அக்கா எழுந்துவிட்டார். ஐ.சி.யு.வுக்குள் போய்விட்டு அரை மணி கழித்துத்தான் வந்தார்.

இரண்டு அடிக்க ஐந்து நிமிடம். வராந்தாவில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம்.

ரங்கநாயகி மாமி. பட்டுப் புடவை, கையில் எட்டுப் பக்கம். பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு சம்பத் மாமா. "ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுல வந்தோம். லேடீஸ் சீட்ல ஒரு தடியன் உக்காந்திருந்தான், எழுப்பிட்டேன்," என்றார் மாமி. பாலத்தை இந்தப் பக்கமாக, உட்கார்ந்தபடி, சண்டை போட்டுக்கொண்டு தாண்டி வந்திருக்கிறார்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். என் நெஞ்சை அமுக்கினது யாரு? மூணு விலா உடைஞ்சுது. ஆறு மாசமா இடது பக்கம் திரும்பிப் படுக்க முடியலை. அந்த ஆளைக் காட்டு."

செல்வி அக்கா எழுந்து நின்றார்.

"நான்தான் மாமி."

ஸ்ரீரங்கத்துக்கு மட்டும் போகாதே என்றது எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நெஞ்சை அழுத்தி மீட்டதும் அந்தக் கைதான். 'இறப்பு' என்று குறித்ததும் அந்தக் கைதான்.

மாமி அக்காவின் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "கையா இது, அம்மிக்கல்லா?"

அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

"போறது. இன்னொரு தடவை நின்னா கொஞ்சம் மெதுவா அமுக்கு."

"மெதுவா அமுக்குனா வர மாட்டீங்க மாமி," என்றார் அக்கா.

மாமி கையெழுத்துப் போட்டார். கணவர் அவருக்காகப் போட்டிருந்ததற்குக் கீழே, இன்னும் பெரிதாக. பிறகு அக்கா அவர் கையைப் பிடித்து, மூச்சு வாங்குவதை டாக்டரிடம் காட்டக் கூட்டிப் போனார். போகும்போதே நடையையும் நினைவையும் சோதிக்கும் கேள்விகளை முடித்துக்கொண்டோம். என்ன நாள் என்றதற்குக் கிழமை, தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம் எல்லாம் சொன்னார். ஆங்கிலத் தேதியை மட்டும், "அதை அவர்ட்ட கேளு," என்றார். முழு மதிப்பெண் போட்டேன்.

இரண்டு இருபத்தொன்று. கம்ப்யூட்டரில் 'இறப்பு' என்பதை அழுத்தி 'உயிருடன்' என்று மாற்றினேன். உடனே சிவப்பில் ஒரு கட்டம் திறந்தது. மாற்றத்துக்கான காரணத்தை எழுதாமல் மேலே போக முடியாது. நூற்றுக்கணக்கான காரணங்களை அந்தக் கட்டத்தில் நான் எழுதியிருக்கிறேன்: தட்டச்சுப் பிழை, தேதிக் குழப்பம், பக்கம் மாறியது.

எழுதினேன்: "போய்ப் பார்த்தோம். இருக்கிறார். செருப்பை வாசலில் விடச் சொன்னார்."